டிவிடியா ப்ளூரேயா என்பது இரண்டாவது கேள்வி

பழைய போர்ப் படங்களைச் சேர்க்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது இதைத்தான்: டிவிடி போதுமா, ப்ளூரே வாங்க வேண்டுமா, ஒரேயடியாக 4கே-க்குப் போய்விடலாமா? காசு போடுகிறவர் கேட்கத்தான் செய்வார். ஆனால் அதற்கு முன்பே தீர்த்துக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. அட்டையில் அதே பெயர், அதே நடிகரின் முகம் இருக்கும்; உள்ளே இருக்கும் படம் வேறாக இருக்கும். 1981-ல் வந்த ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் படம் 'தாஸ் பூட்' தியேட்டரில் 149 நிமிடம் ஓடியது. இயக்குநர் வோல்ஃப்காங் பீட்டர்சன் 1997-ல் திரும்ப எடிட் செய்து கொடுத்தது ஏறத்தாழ 208 நிமிடம். தொலைக்காட்சித் தொடராக வந்த முழு வடிவமோ 293 நிமிடம். மூன்றும் டிஸ்க்கில் வந்திருக்கின்றன. இவற்றில் எது வேண்டும் என்று தெரியாமல், எந்தத் தரத்தில் வேண்டும் என்று பேசிக்கொண்டிருப்பது வீண்.

'தாஸ் பூட்' பற்றி என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 208 நிமிட வடிவம். 149-ல் சண்டை இருக்கிறது, காத்திருப்பு குறைந்துவிட்டது. இரும்புக் குழாய்க்குள் ஆட்கள் தாடி வளர்ந்து, ரொட்டி பூஞ்சணம் பிடித்து, எதிரியே கண்ணில் படாமல் நாள் போவதுதான் இந்தப் படத்தின் உயிர். 293 நிமிட வடிவத்தில் அது நிறையவே இருக்கிறது. இந்தப் படத்தில் ஏற்கெனவே மனம் பறிகொடுத்தவர்கள் பிறகு அதையும் வாங்குவார்கள். 1997 வடிவத்துக்கு ஒலியையும் புதிதாக அமைத்தார்கள். தலைக்கு மேல் போகும் நாசகாரிக் கப்பலின் ஓசை அறையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு நகர்வது அதில்தான் கேட்கும். பெரும்பாலான நடிகர்கள் தாங்களே ஆங்கிலத்திலும் குரல் கொடுத்திருக்கிறார்கள். என்றாலும் ஜெர்மன் ஒலியில் சப்டைட்டிலோடு பாருங்கள்.

செட்டிநாட்டில் இருந்துகொண்டு இந்தப் படங்களைச் சேர்ப்பவருக்கு இன்னோர் அளவுகோலும் உண்டு. இரண்டாம் உலகப் போர் நமக்கு அயலார் கதை இல்லை. முகப்பில் நிற்கிற தேக்குத் தூண் பர்மாவிலிருந்து வந்தது. கொண்டு விற்கப் போன ஐயாக்கள் ரங்கூனிலும் பினாங்கிலும் சைகோனிலும் பெட்டியடி (வட்டிக்கடை) வைத்திருந்தார்கள். 1930களின் முடிவில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால்பங்கு நிலம் செட்டியார்கள் கைக்கு வந்திருந்தது. 1941 டிசம்பர் 23-ல் ரங்கூனில் குண்டு விழுந்தது. அடுத்த மார்ச்சில் நகரமே ஜப்பானியர் வசம். கப்பல் கிடைத்தவர்கள் கப்பலில் வந்தார்கள். கிடைக்காதவர்கள் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தே வந்தார்கள். ஆகவே என் அலமாரியில் முதல் தட்டு பர்மா, சயாம் (இன்றைய தாய்லாந்து) படங்களுக்குத்தான்.

அதில் முதலில் வைக்க வேண்டியது டேவிட் லீனின் 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' (1957). கதை நடப்பது சயாமில், ஜப்பானியருக்காகப் போர்க்கைதிகள் ரயில் பாலம் கட்டும் முகாமில். படமெடுத்த இடமோ இலங்கையின் கிதுல்கல, களனி ஆற்றங்கரை. இந்தப் படம் 161 நிமிடந்தான், நீளத்தில் குழப்பமில்லை. குழப்பம் அகலத்தில். சினிமாஸ்கோப்பில் 2.55-க்கு 1 என்ற விகிதத்தில் எடுத்த படத்தைப் பழைய டிவியின் சதுரத்துக்குள் அடக்கினால் ஏறத்தாழப் பாதிப் படம் வெளியே போய்விடும். கேசட் காலத்தில் அப்படித்தான் பார்த்தோம். வரிசையாக நிற்கும் கைதிகளுக்கு எதிரே ஜப்பானிய அதிகாரி நிற்கும் காட்சியில் ஒன்று அவரைப் பார்க்கலாம், இல்லை கைதிகளைப் பார்க்கலாம். இருவருக்கும் நடுவே இருக்கும் அந்த வெயில் மைதானத்தை வைத்துத்தான் லீன் காட்சியையே கட்டியிருக்கிறார். அது காணாமல் போயிருக்கும்.

தொடக்க எழுத்துகளிலும் ஒரு வேறுபாடு உண்டு. திரைக்கதையை உண்மையில் எழுதிய கார்ல் ஃபோர்மனும் மைக்கேல் வில்சனும் அமெரிக்கக் கம்யூனிச எதிர்ப்புக் காலத்தின் கறுப்புப் பட்டியலில் இருந்தவர்கள். அதனால் நாவலாசிரியர் பியேர் பூல் பெயரை மட்டும் போட்டு, ஆஸ்கரையும் அவருக்கே கொடுத்தார்கள். 1984-ல்தான் அந்த இருவருக்கும் பரிசு திருத்தி வழங்கப்பட்டது. அதைக் காண இருவருமே உயிரோடு இல்லை. பிறகு வந்த பதிப்புகளில் அவர்கள் பெயர் திரையில் வருகிறது. 2010-ல் மூல நெகட்டிவிலிருந்து 4கே தரத்தில் புதுப்பித்து ப்ளூரே விட்டார்கள், 2017-ல் 4கே டிஸ்க்கும் வந்தது. இந்த இரண்டில் எதுவானாலும் சரி, பழையதை விட்டுவிடலாம்.

படம் சொல்லாத ஒன்றை அந்த டிஸ்க்கோடு சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சயாம் ரயில் பாதையில் 12,000-க்கு மேற்பட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகள் இறந்தார்கள். ஆசியக் கூலிகளில் இறந்தவர்கள் ஏறத்தாழ 90,000 பேர் என்று மதிப்பிடுகிறார்கள். மலேயாத் தோட்டங்களிலிருந்து பிடித்துப்போன தமிழர்கள் அவர்களில் பெருந்தொகை. எந்த வடிவத்தை வாங்கினாலும் அவர்கள் அதில் இல்லை.

பர்மாவைப் பற்றியே இரண்டு படங்கள், இரண்டும் எதிரெதிர்த் துருவம். 'அப்ஜெக்டிவ், பர்மா!' (1945) 142 நிமிடப் படம். ரவுல் வால்ஷ் இயக்கம், எரோல் ஃப்ளின் நடிப்பு. பர்மாவை ஏதோ அமெரிக்கர்களே மீட்டது போலக் காட்டியதால் பிரிட்டனில் பெரிய எதிர்ப்புக் கிளம்பி, ஒரே வாரத்தில் தியேட்டரிலிருந்து எடுத்துவிட்டார்கள். 1952-ல் பிரிட்டிஷாரின் பங்கைச் சொல்லும் முன்னுரையோடு மறுபடி வெளியிட்டார்கள். காடெல்லாம் கலிபோர்னியா, பர்மாவை அறிந்தவர் இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார். ஆனால் நடுவே வரும் உண்மையான போர்முனைப் படச்சுருள்களுக்காக வாங்கலாம். டிவிடியே போதும். வாங்கும்போது 142 நிமிடம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், வெட்டிய பிரதிகளும் சுற்றிவந்திருக்கின்றன.

மற்றது கோன் இச்சிகாவாவின் 'தி பர்மீஸ் ஹார்ப்' (1956). ஜப்பானில் முதலில் இரண்டு பாகமாக வந்தது. இப்போது டிஸ்க்கில் கிடைப்பது அதைச் சேர்த்துக் குறுக்கிய 116 நிமிடப் படம். கலர் கேமராவின் கனத்தால் அதைப் பர்மாவுக்குத் தூக்கிப்போக முடியாது என்று கறுப்பு வெள்ளையில் எடுத்தார்கள். அதே இயக்குநர் 1985-ல் கலரில் திரும்ப எடுத்தார். இரண்டில் எது என்றால் எனக்குச் சந்தேகமே இல்லை: 1956. ஒரு கிராமத்தில் தங்கியிருக்கும் ஜப்பானியச் சிப்பாய்கள் பாடுகிறார்கள். அதே மெட்டை அவர்களைச் சுற்றி வளைத்திருக்கும் ஆங்கிலேயர்கள் தங்கள் மொழியில் எடுத்துப் பாடுகிறார்கள். போர் முடிந்துவிட்டது என்று ஜப்பானியச் சிப்பாய்களுக்குத் தெரியவருவது அந்தப் பாட்டுக்குப் பிறகுதான். கிடக்கும் பிணங்களை அடக்கம் செய்யாமல் ஊர் திரும்ப மாட்டேன் என்று துறவியாகிவிடும் சிப்பாயை, நடந்து வந்தவர்களின் கதை கேட்டு வளர்ந்த வீட்டில் உட்கார்ந்து பார்ப்பது வேறு அனுபவம்.

வடிவத்தைத் தேர்ந்தெடுப்பதில் நம் ஊர் கண் எவ்வளவு உதவும் என்பதற்கு வியட்நாம் போர்ப் படமான 'அபோகலிப்ஸ் நவ்' நல்ல உதாரணம். 1979-ல் வந்தது ஏறத்தாழ இரண்டரை மணி நேரம். 2001-ல் இயக்குநர் கொப்போலா கொடுத்த 'ரீடக்ஸ்' ஏறத்தாழ 200 நிமிடம். 2019-ல் 'ஃபைனல் கட்' என்று 183 நிமிடத்தில் நிறுத்தினார். விமரிசகர்கள் பலர் 1979-ஐத்தான் சொல்வார்கள். படம் ஆற்றோடு இழுத்துப்போவது அதில்தான், பிந்தைய வடிவங்களில் நடுவே சேர்த்த பிரெஞ்சுத் தோட்டக்காரர் வீட்டு விருந்து வேகத்தைக் கெடுக்கிறது என்பார்கள். வேகத்தைப் பொறுத்தவரை அது சரிதான். ஆனால் அந்த விருந்து மேசையைப் பாருங்கள். நாடு கைவிட்டுப் போன பிறகும், பாட்டன் போட்ட தோட்டம் என்று பிடிவாதமாக உட்கார்ந்திருக்கும் குடும்பம். எப்போது ஊர் திரும்பப் போகிறீர்கள் என்று கேட்டால், இதுதான் எங்கள் ஊர் என்று கோபப்படும் பெரியவர். பர்மா நிலப் பத்திரங்களை இரும்புப் பெட்டியில் வைத்துக் காத்த குடும்பங்கள் இருந்த ஊர் இது. சைகோனிலேயே தண்டாயுதபாணி கோயில் கட்டியவர்கள் நாம். அந்தக் காட்சியை விட்டுவிட எனக்கு மனம் வராது. ஆகவே 'ஃபைனல் கட்': தோட்டக் காட்சி இருக்கிறது, 'ரீடக்ஸ்'-இல் சேர்த்த வேறு சில தொய்வுகள் இல்லை. நல்லவேளையாக 2019-ன் 4கே பெட்டியில் மூன்று வடிவமும் இருப்பதால் சண்டையே வேண்டாம். பழைய டிவிடிகளை மட்டும் தவிர்த்துவிடுங்கள். ஒளிப்பதிவாளர் ஸ்டொராரோவின் விருப்பப்படி ஓரங்களைக் குறைத்து 2-க்கு 1 அளவில் போட்டிருந்தார்கள். முழு அகலம் 2010 ப்ளூரேயில்தான் திரும்பி வந்தது.

தரமும் வடிவமும் நேருக்கு நேர் மோதுகிற இடம் சாமுவேல் ஃபுல்லரின் 'தி பிக் ரெட் ஒன்' (1980). போரில் தானே காலாட்படைச் சிப்பாயாக இருந்தவர் ஃபுல்லர். தயாரிப்பு நிறுவனம் அவர் படத்தை 113 நிமிடமாகச் சுருக்கிவிட்டது. 1997-ல் அவர் காலமானார். அவர் விட்டுப்போன குறிப்புகளையும் கிடைத்த படச்சுருள்களையும் வைத்து 2004-ல் ஏறத்தாழ 160 நிமிடமாகத் திரும்பக் கட்டினார்கள். 2014-ல் ப்ளூரே வந்தபோது சுருக்கிய 113 நிமிடம் பளிச்சென்ற தரத்தில் இருந்தது. 160 நிமிட வடிவம் டிவிடி தரத்தில் கூடவே ஒட்டியிருந்தது. இப்போது சொல்லுங்கள், எதைப் பார்ப்பது? நான் மங்கலான 160-ஐத்தான் பார்ப்பேன். சிப்பாய் கண்ட போர் அதில்தான் இருக்கிறது. பழைய டிவிடி மலிவாகக் கிடைத்தால் அதுவே போதும், ப்ளூரேக்கு ஓடவேண்டியதில்லை.

புதிது என்பதாலேயே நல்லது என்றும் இல்லை. 'பேட்டன்' (1970) பெரிய 65 மி.மீ. நெகட்டிவில் எடுத்த படம். 2008 ப்ளூரேயில் ஃபிலிமின் மணிமணியான தன்மையைக் கம்ப்யூட்டரில் துடைத்தெடுத்துவிட்டார்கள், ஜார்ஜ் சி. ஸ்காட்டின் முகம் மெழுகு பொம்மை போல வழவழவென்று ஆனது. எதிர்ப்பு வலுத்து, 2012-ல் திருத்திய டிஸ்க் வந்தது. பழைய கடையில் ப்ளூரே என்ற நீல அட்டையைப் பார்த்ததும் எடுத்துவிடாமல், பின்பக்கம் எந்த ஆண்டு என்று பாருங்கள்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். 'டோரா! டோரா! டோரா!' (1970) ஜப்பானில் சில நிமிடங்கள் கூடுதலாக ஓடியது; ப்ளூரேயில் இரண்டும் உண்டு, ஜப்பானிய வடிவத்தைப் பாருங்கள். 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' 1989-ல் லீன் உயிரோடு இருந்தபோதே மீட்கப்பட்டுவிட்டதால் வடிவச் சிக்கல் தீர்ந்தது. எவ்வளவு பெரிய திரை உண்டோ அவ்வளவு நல்ல டிஸ்க். 'பேட்டில் ஆஃப் பிரிட்டன்' (1969) படத்துக்கு வில்லியம் வால்டன் எழுதிய இசையைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டு ரான் குட்வின் இசையைப் போட்டார்கள். பிற்காலச் சிறப்புப் பதிப்பில் வால்டன் இசையோடும் பார்க்கலாம், இசை காதுள்ளவர்களுக்கு அந்த ஒரு ஒலித்தடத்துக்காகவே வாங்கலாம். 'ஆல் கொயட் ஆன் தி வெஸ்டர்ன் ஃப்ரண்ட்' (1930) பேசும் படமாகவும், பேச்சில்லாத தியேட்டர்களுக்கான மௌன வடிவமாகவும் வந்தது. 2012 ப்ளூரேயில் இரண்டும் இருக்கின்றன. ரெனுவாரின் 'லா கிராண்ட் இல்யூஷன்' (1937) நெகட்டிவ் ஜெர்மானியர் கையில் பெர்லின் போய், அங்கிருந்து மாஸ்கோ போய், கடைசியில் பிரான்சின் துலூஸ் நகரத்துக்குத் திரும்பி, அடையாளம் தெரியாமலே கிடந்து 1990களில் வெளிச்சத்துக்கு வந்தது. அதற்கு முன் வந்த எந்த வீடியோவும் நகலின் நகல்தான். அந்த நெகட்டிவிலிருந்து வந்ததையே வாங்குங்கள்.

இனி அந்த இரண்டாவது கேள்வி. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில், எனாமல் பாத்திரத்துக்கும் பீங்கான் ஜாடிக்கும் நடுவே எப்போதாவது ஒரு அட்டைப்பெட்டி நிறைய விசிடி, டிவிடி வரும். யாரோ வீட்டை ஒதுக்கியிருப்பார்கள். விசிடியைத் தொடாதீர்கள். 352-க்கு 288 புள்ளிகளில் போர்க்களப் புகையெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும், மூன்று மணிப் படத்துக்கு மூன்று டிஸ்க் மாற்ற வேண்டும். அதோடு விசிடியில் பதிவு இருப்பது மேல்பக்கம், படம் அச்சிட்ட மெல்லிய பூச்சுக்கு அடியில். அங்கே ஒரு கீறல் விழுந்தால் போயிற்று. டிவிடி இரண்டு 0.6 மி.மீ. தகடுகளை ஒட்டியது, ஒட்டு விட்டால் ஓரத்திலிருந்து ஈரம் உள்ளே ஏறும். வாங்குமுன் டியூப்லைட் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, ஓரம் வெளிறியிருக்கிறதா, ஊசித் துளை போல ஒளி கசிகிறதா என்று பாருங்கள். 2006 முதல் 2008 வரை அச்சான தன் டிவிடிகள் சில கெட்டுப்போகின்றன என்று ஒரு பெரிய அமெரிக்க நிறுவனமே 2025-ல் ஒப்புக்கொண்டது. அந்த ஆண்டு டிஸ்க் என்றால் கடைசி வரை ஓட்டிப் பார்க்காமல் வாங்க வேண்டாம். ப்ளூரேயில் பதிவு கீழ்ப்பரப்புக்கு 0.1 மி.மீ. அருகில் இருந்தாலும் கெட்டியான பூச்சு உண்டு, சாதாரணக் கீறலுக்கு அசையாது.

டிவிடியில் இன்னொரு சங்கதி. ஐரோப்பாவில் வந்தவையும் இங்கே வந்த பலவும் பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறையில் நொடிக்கு 25 சட்டம் (ஃபிரேம்) ஓடும். படம் எடுத்தது 24-ல். அதனால் 161 நிமிட 'குவாய்' 155-ஆகக் காட்டும். வெட்டிவிட்டார்கள் என்று பதற வேண்டாம், வேகமாக ஓடுகிறது, அவ்வளவுதான். ஆனால் சிப்பாய்கள் விசிலடித்து வரும் அந்த அணிவகுப்பு மெட்டு சற்றே சுருதி தூக்கலாகக் கேட்கும். காது பழகியவர்களுக்கு உறுத்தும்.

வெளிநாட்டில் இருக்கும் உறவினர்கள் வாங்கிவருவதுதான் நம் ஊரில் டிஸ்க் வரும் முக்கிய வழி. அங்கேதான் மண்டலப் பூட்டு குறுக்கே வரும்: ஒரு மண்டலத்துக்குப் பூட்டிய டிஸ்க் இன்னொரு மண்டலத்துப் பிளேயரில் ஓடாது. ப்ளூரேயில் அமெரிக்காவும் ஜப்பானும் சிங்கப்பூரும் ஏ, ஐரோப்பா பி, இந்தியா சி. பெரிய நிறுவனங்களின் டிஸ்க்குகள் பல எங்கும் ஓடும். பழம்படங்களைப் புதுப்பித்து விடும் சிறிய நிறுவனங்களின் டிஸ்க்குகள் பூட்டியிருக்கும். "சித்தப்பா, பெட்டி வந்துருச்சு, படம் ஓடலையே" என்று ஒரு பிள்ளை போனில் கேட்டால் காரணம் பெரும்பாலும் இதுதான். 4கே டிஸ்க்குக்கு மண்டலமே கிடையாது. சிகாகோவில் வாங்கினாலும் லண்டனில் வாங்கினாலும் தேவகோட்டையில் ஓடும். 43 அங்குல டிவியைப் பத்தடி தள்ளி உட்கார்ந்து பார்க்கிறவருக்குப் படத் தரத்தில் ப்ளூரேக்கும் 4கே-க்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. இருந்தும் நான் 4கே-யைச் சொல்வது இந்தப் பூட்டில்லாத வசதிக்காக. அதே பெட்டியில் வரும் ப்ளூரேக்கு மட்டும் பூட்டு இருக்கலாம்.

அதற்குப் பிளேயர் வேண்டுமே. ஓப்போ 2018-லும் சாம்சங் 2019-லும் இந்தத் தொழிலை விட்டுவிட்டன. 4கே டிஸ்க் போடும் வசதியுள்ள வீடியோ கேம் பெட்டி ஒன்று பிள்ளைகளுக்கு வாங்குவதாக இருந்தால் அதிலேயே 4கே படமும் ஓடும்; தனிப் பிளேயர் தேடி அலைவதைவிட இது லேசு. எதுவானாலும் ஸ்டெபிலைசர் போடுங்கள். டிஸ்க்குகளை நிற்க வைத்து அடுக்குங்கள். மாடியில் ஓட்டுக்கு அடியில் வேண்டாம், கீழே வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் வெயில் படாத அறை நல்லது. பழைய தேக்கு அலமாரியே போதும், அந்துருண்டை மட்டும் போடாதீர்கள்.

ஓடிடியை நான் ஒதுக்கச் சொல்லவில்லை. பார்க்காத படத்தை முதலில் அதில் பார்த்துவிட்டு, பிடித்தால் டிஸ்க் தேடுவதுதான் செலவைக் குறைக்கும் வழி. ஆனால் அங்கே பெரும்பாலும் ஒரு வடிவந்தான் இருக்கும், எது என்று பல சமயம் எழுதியும் இருக்காது. உரிமம் முடிந்தால் ஒரு நாள் காலையில் படமே இருக்காது.

தமிழில் போர் தொட்ட படங்களுக்கு இந்தத் தேர்வெல்லாம் இல்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம். தேவகோட்டை ரோட்டில் ஸ்டுடியோ போட்டு 'நாம் இருவர்' எடுத்த ஏவி.மெய்யப்பன் தயாரித்ததுதான் 'அந்த நாள்' (1954). 1943 அக்டோபரில் சென்னையில் ஜப்பானியக் குண்டு விழுந்ததை ஒட்டி நடக்கும் கொலைக் கதை, எஸ்.பாலசந்தர் இயக்கம், ஒரு பாட்டுக்கூட இல்லை. சிறுகூடல்பட்டி கண்ணதாசன் முன்னின்று எடுத்த 'இரத்தத் திலகம்' (1963) சீனப் போரைப் பற்றியது. 2012-ல் 'கர்ணன்' புதுப்பித்து வெளிவந்து நூறு நாள் ஓடியதைப் பார்த்தோம். அந்தக் கவனம் இந்த இரண்டுக்கும் கிடைத்தாக வேண்டும். அதுவரை, மூன்று படம் ஒரே டிவிடியில் என்று நெருக்கித் திணித்ததை விட்டு, ஒரு படத்துக்கு ஒரு டிஸ்க் என்று வந்த பதிப்பைத் தேடுங்கள். கிடைத்தால் தொடக்க எழுத்துகள் முழுதாக ஓடுகின்றனவா, பாட்டு வெட்டாமல் இருக்கிறதா என்று பார்த்து, ஓடும் நேரத்தை அட்டையின் உள்பக்கம் எழுதி வையுங்கள். இன்னொரு பிரதி கையில் வரும்போது ஒப்பிட அது வேண்டியிருக்கும்.